2 ஐ அழுத்திய பிறகு

தானியங்கித் தொலைபேசிப் பட்டியல் என்பது ஒரு கணினி. அழைத்தவர் அழுத்தும் இலக்கத்தை அது கேட்கும். முன்கூட்டியே பதிந்துவைத்த குரலால் பதில் சொல்லும். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு அனுப்பும். கடைசியில் ஒரு தகவலிலோ ஒரு மனிதரிடமோ கொண்டுபோய்ச் சேர்க்கும். சேர்க்காமல் தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. இலங்கையில் வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, மின்சாரம், குடிநீர் என்று மக்கள் அன்றாடம் அழைக்கும் பெரிய சேவைகள் பலவற்றின் வாசலில் இந்தக் குரல்தான் நிற்கிறது. சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3 என்பது அங்கே பெரும்பாலும் முதற்படி.

மட்டக்களப்பு வாவிப் பகுதியில் தொலைபேசியின் பெறுமதி கொஞ்சம் கூடுதல். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி, ஊர்களை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வங்கிக் கிளைகளும் பெரிய அலுவலகங்களும் அதிகம் இருப்பது எழுவான்கரையில். படுவான்கரையிலிருந்து நகரத்துக்கு வர வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் என ஒரு சில வழிகளே உண்டு. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் கரை மாறின. குருமண்வெளி–மண்டூர் துறையில் பாலம் இல்லாத குறையையும் நெடுங்காலமாகப் பாதையே தீர்த்துவந்திருக்கிறது. ஒரு மின்கட்டணப் பிழையைத் திருத்தவோ முடங்கிப்போன வங்கி அட்டையைத் திறக்கவோ அரைநாள் செலவழித்துக் கரை கடப்பதற்குப் பதிலாக ஒரு அழைப்பு போதுமென்றால், அந்த அழைப்பு எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்ப்பது வீண்வேலை அல்ல.

அழுத்திய இலக்கம் மறுமுனைக்குப் போவது ஒலியாக. விசைப்பலகையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாழ்ந்த சுரம், ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு உயர்ந்த சுரம். வரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹேர்ட்ஸ். நிரல்களுக்கு 1209, 1336, 1477 ஹேர்ட்ஸ். 2 என்ற விசை முதல் வரிசையில் நடு நிரலில் இருப்பதால் 697 உம் 1336 உம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் இரண்டு சிறு நகரங்களில் இந்த முறையைப் பொதுப் பாவனைக்கு விட்டது. நட்சத்திரக் குறியும் ஹாஷ் குறியும் 1968 இல் வந்து சேர்ந்தன.

இந்த எண்களைத் தேர்ந்தவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். எந்தச் சுரமும் இன்னொன்றின் இருமடங்கோ மும்மடங்கோ அல்ல. எந்த இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் மற்றொன்று வராது. மனிதக் குரலிலும் பாட்டிலும் மடங்குச் சுரங்கள் நிறைய உண்டு. அவற்றை இயந்திரம் விசை அழுத்தம் என்று தவறாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கேட்கும் பக்கத்தில் நடப்பதும் எளிமையானது. தொலைபேசி ஒலியை ஒரு வினாடிக்கு 8000 தடவை அளந்து, இருநூற்றுச் சொச்சம் அளவீடுகளை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 25 மில்லிவினாடி. அந்தக் கட்டுக்குள் குறித்த சுரங்களில் எவற்றுக்கு வலு அதிகம் என்று கணக்கிட, ஜெரால்ட் கோர்ட்சல் 1958 இல் வெளியிட்ட கணக்குமுறை இன்றும் பயன்படுகிறது. முழு ஒலியையும் பிரித்துப் பார்க்காமல், தேவையான சில சுரங்களை மட்டும் தனித்தனியே சோதிப்பதால் மலிவான சில்லுக்கும் அது சுமையாக இருப்பதில்லை.

கைத்தொலைபேசியில் இதே காரியம் வேறு மாதிரி நடக்கிறது. விசையை அழுத்தியதும் காதில் கேட்கும் சத்தம் பாவனையாளருக்கான ஆறுதல் மட்டுமே. கைத்தொலைபேசியின் குரல் சுருக்கி பேச்சுக்காகவே செய்யப்பட்டது. தூய சுரங்களை அது சிதைத்துவிடும். ஆகவே ஜிஎஸ்எம் வலையமைப்பில் சாதனம் ‘இரண்டு அழுத்தப்பட்டது’ என்ற சிறு செய்தியை மட்டும் அனுப்ப, தொலைவிலுள்ள மாற்றுநிலையம்தான் உண்மையான சுரத்தை எழுப்பி மறுபக்கம் விடுகிறது. இணையவழி அழைப்பிலும் இதே சிக்கல் எழுந்தது. அதனால் சுரத்தை ஒலியாக அனுப்பாமல், எந்த விசை எவ்வளவு நேரம் என்ற குறிப்பாக அனுப்பும் முறையை இணையப் பொறியாளர்கள் வகுத்தார்கள். 2006 இல் வெளியான 4733 ஆம் இலக்கத் தரக்குறிப்பு அதைப் பற்றியது. சமிக்ஞை தளம்பும் இடத்தில் நின்று 2 ஐ அழுத்தியும் பட்டியல் ‘தவறான தெரிவு’ என்று சொன்னால், பிழை விரலில் இல்லாமல் இந்தக் கைமாற்றங்களில் ஏதோவொன்றிலும் இருக்கலாம்.

சுரம் போய்ச் சேர்ந்ததும் பட்டியலின் கிளைகள் விரிகின்றன. அவற்றை எழுதுவதற்கென்று வொய்ஸ்-எக்ஸ்எம்எல் என்ற குறிமொழி உண்டு. ஏடி அன்ட் டி, ஐபிஎம், லூசென்ட், மோட்டரோலா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 2000 இல் அதன் முதற் பதிப்பைக் கொண்டுவந்தன. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு 2004 மார்ச்சில் இரண்டாம் பதிப்பை அங்கீகரித்தது. இதில் கவனிக்க ஒரு விசயம் இருக்கிறது. இந்தக் குறிமொழியில் எழுதிய பட்டியல் ஒரு இணையப் பக்கத்தைப் போலவே வலைச் சேவையகத்தில் கிடக்கிறது. அழைப்பு வந்ததும் குரல் இயந்திரம் உலாவியைப் போல அந்தப் பக்கத்தை எடுத்து, காட்டுவதற்குப் பதிலாக வாசித்துக் காட்டுகிறது. அழைத்தவருக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பக்கம் காதுவழியே, ஒவ்வொரு வரியாகக் கொடுக்கப்படுகிறது.

எரிச்சலின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஐந்து தெரிவுகள் கொண்ட மூன்று படிகள் இருந்தால் மொத்தம் 125 முனைகள். அத்தனையையும் ஒரே வரிசையில், ஒன்றுக்கு நான்கு வினாடி வீதம் வாசித்தால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கிளை பிரித்தால் அழைத்தவர் கூடியது பதினைந்து தெரிவுகளைக் கேட்டால் போதும். அது ஒரு நிமிடம். அந்த வகையில் கிளைமுறை புத்திசாலித்தனமானதுதான். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் அடுத்து என்ன இருக்கிறது என்று தெரியாமலே தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. ‘கட்டணம் பற்றி’ என்ற கிளைக்குள் போவதா, ‘முறைப்பாடு’ என்ற கிளைக்குள் போவதா? பிழையான கட்டணப் பட்டியலைப் பற்றிய முறைப்பாடு இரண்டுக்கும் பொருந்தும். தவறான கிளையில் இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். சில பட்டியல்களில் ஏற வழியே கிடையாது, துண்டித்துவிட்டு முதலிலிருந்து அழைப்பதே வழி. கண் ஒரு பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்து வேண்டியதைப் பிடித்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை.

அதே 125 முனைகளைத் தமிழ் எழுத்தில் ஒரு பக்கமாகப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. ஒரு வரிக்கு நாற்பது குறியீடு என்று வைத்தால் 125 வரிக்கு 15,000 பைட்டு. கைத்தொலைபேசிக் குரல், வழக்கமான 12.2 கிலோபிட் வேகத்தில், பத்து வினாடி பேச எடுக்கும் தரவும் கிட்டத்தட்ட அதேதான். முழுப் பட்டியலும் தேடல் வசதியுடன் திரையில் வந்து நிற்கிற நேரத்துக்குள், தொலைபேசிக் குரல் வணக்கம் சொல்லிக்கூட முடித்திருக்காது.

கிளைகளைத் தாண்டியதும் காத்திருப்பு வரிசை. இங்கே இயங்குவது நூறு வருடத்துக்கு மேல் பழைய கணிதம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் க்ராருப் ஏர்லாங், எத்தனை அழைப்புக்கு எத்தனை ஆட்கள் தேவை என்ற கேள்வியை 1909 இலிருந்து ஆராய்ந்து, 1917 இல் தமது புகழ்பெற்ற சூத்திரங்களை வெளியிட்டார். அவற்றைக் கொண்டு ஒரு கற்பனை அழைப்பு நிலையத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து முகவர்கள், ஒரு அழைப்பு சராசரியாக மூன்று நிமிடம். மணிக்கு 160 அழைப்பு வந்தால் சராசரிக் காத்திருப்பு 37 வினாடி. 180 வந்தால் இரண்டு நிமிடம். 190 வந்தால் ஐந்து நிமிடம். 200 ஐத் தொட்டால் வரிசை முடிவில்லாமல் வளரும். 160 இலிருந்து 190 ஆக, அழைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. காத்திருப்போ எட்டு மடங்காகிவிட்டது. முகவர்களுக்கு மூச்சுவிட இடமிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அந்த இடைவெளி அடைபட்டதும் நிலைமை திடீரென்று கைமீறும்.

மாரிகாலத்தில் இது வெளிப்படையாகத் தெரியும். கார்த்திகை, மார்கழி மழையில் வாவி பெருகி வீதிகள் தாழ, மரம் விழுந்து மின்சாரம் நின்றால், ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே அரைமணி நேரத்துக்குள் ஒரே இலக்கத்தை அழைக்கும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் இறுதியிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஏர்லாங்கின் சூத்திரம் சீரான வருகையை எடுத்துக்கொள்வது. இப்படி ஒரேயடியாகக் கொட்டும் வருகைக்கு அது சொல்லும் காத்திருப்பும் குறைவான மதிப்பீடே.

மொழிக் கிளை இந்தக் கணக்கை இன்னொரு பக்கமாகத் திருப்புகிறது. பத்து முகவர்களில் எட்டுப் பேர் ஒரு மொழிக்கு, இரண்டு பேர் இன்னொரு மொழிக்கு என்று பிரித்துவிட்டு, 180 அழைப்பையும் அதே விகிதத்தில் 144, 36 என்று பங்கிட்டால் நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றும். ஒவ்வொரு முகவருக்கும் வேலைச்சுமை ஒன்றே. ஆனால் எட்டுப் பேர் வரிசையில் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம் 38 வினாடி. இரண்டு பேர் வரிசையில் 12 நிமிடம் 47 வினாடி. காரணம் எளிது. எட்டுப் பேரில் யாராவது ஒருவர் சீக்கிரம் ஓய்வாகிவிடுவார்; இரண்டு பேரில் இருவருமே நீண்ட அழைப்பில் மாட்டிக்கொள்ளும் சந்தர்ப்பம் அதிகம். வேலைச்சுமை ஒன்றென்றால் சிறிய வரிசையே மெதுவான வரிசை. நாட்டின் கணக்கில் தமிழ் சிறுபான்மை மொழி. ஆனால் வாவியின் இரு கரையிலும் தமிழர், முஸ்லிம்கள் என்று அனேகமாக எல்லோருமே தமிழ் பேசுகிறவர்கள், 2 ஐ அழுத்துகிறவர்கள். யாரும் வேண்டுமென்று ஓரங்கட்டாமலே, விகிதாசாரம் அச்சொட்டாகச் சரியாக இருக்கும்போதே, அவர்களுடைய அழைப்பு ஐந்து மடங்கு நேரம் காத்துக் கிடக்க முடியும். இது அந்தக் கற்பனை நிலையத்தின் கணக்கு. ஆனால் வரிசையைப் பிரிக்கும் எந்த நிலையத்திலும் கணிதம் இதே திசையில்தான் இழுக்கும். பத்துப் பேருமே இரு மொழியும் அறிந்தவர்களாக இருந்து வரிசை ஒன்றாக இருந்தால் எல்லோருக்கும் இரண்டே நிமிடம். பட்டியலை அழகுபடுத்துவதைவிட இருமொழி முகவர்களைச் சேர்ப்பது பெரிய மருந்து.

பட்டியலின் இரகசியத்தை உடைக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவில் எழுந்தது. பயணத் தேடல் தளமான கயாக்கின் இணை நிறுவனர் போல் இங்கிலிஷ் 2005 இல் ஒரு பட்டியலைத் தொகுத்து இணையத்தில் போட்டார். எந்த நிறுவனத்தை அழைத்தால் எந்த விசைகளை எந்த ஒழுங்கில் அழுத்தி மனிதரை அடையலாம் என்ற குறுக்குவழிகள் அதில் இருந்தன. படித்தவர்கள் தாங்கள் கண்டுபிடித்ததையும் சேர்த்து அனுப்ப, அது ‘கெட்ஹியூமன்’ என்ற தளமாக வளர்ந்தது. சில இடங்களில் பூச்சியத்தை அழுத்தினால் போதும். சில இடங்களில் எதையும் அழுத்தாமல் பேசாமல் இருந்தால், சுழல்விசைப் பழைய தொலைபேசி என்று நினைத்து இயந்திரமே ஆளிடம் கொடுத்துவிடும். நிறுவனங்கள் இந்த வழிகளை மாற்றிக்கொண்டேயிருந்தன. தளமும் அவற்றைத் துரத்திக்கொண்டேயிருந்தது.

அடுத்த படி, குறுக்குவழியைச் சொல்வதோடு நில்லாமல் பாவனையாளருக்குப் பதிலாக இயந்திரமே நடந்துபோய் வருவது. கனடாவின் ரொறன்ரோவில் தொடங்கிய ஃபோனோலோ இந்த வழியில் இறங்கியது. வலைத் தேடுபொறி பக்கம் பக்கமாகப் போய்ப் படிப்பதுபோல, அதன் கணினிகள் நிறுவனங்களை அழைத்து, ஒவ்வொரு கிளையிலும் இறங்கி, கேட்டதை எழுத்தாக்கி, முழுப் பட்டியலையும் வரைபடமாகத் திரையில் காட்டின. வேண்டிய முனையைச் சொடுக்கினால் சேவையகம் நிறுவனத்தை அழைக்கும். ஒவ்வொரு அறிவிப்பின் முடிவையும் மௌனத்தைக் கொண்டு கண்டுபிடித்து உரிய சுரத்தை அனுப்பும். சேர வேண்டிய கிளையை அடைந்ததும் பாவனையாளரின் தொலைபேசி ஒலிக்கும். பின்னாளில் அந்த நிறுவனம் நுகர்வோரை விட்டு, நிறுவனங்களுக்கே ‘திருப்பி அழைக்கும்’ வசதியை விற்கும் தொழிலுக்கு மாறியது. காத்திருப்பவரிடமிருந்து பணம் வாங்குவதைவிட, காக்கவைப்பவரிடம் வாங்குவது இலகு போலும்.

கூகுள் 2020 ஒக்டோபரில் தன் பிக்சல் தொலைபேசிகளில், காத்திருக்கும் வேலையைத் தொலைபேசியே பார்த்துக்கொள்ளும் வசதியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. இசை ஓடுகிறதா, பதிவுக் குரலா, உண்மையில் ஆள் வந்துவிட்டாரா என்று சாதனத்துக்குள்ளேயே பிரித்தறிந்து, ஆள் வந்ததும் உடைமையாளரை அழைக்கும். 2021 இல், பட்டியல் வாசிக்கப்படும்போதே அதை எழுத்தாகத் திரையில் காட்டி, விரலால் தொட்டுத் தெரிவுசெய்யும் வசதியும் வந்தது. இரண்டும் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு.

தமிழுக்கு இதைக் கொண்டுவருவதில் பேச்சு அறிதல்தான் கடினமான கட்டம். பதிந்துவைத்த அறிவிப்பு செந்தமிழில், நிதானமாக வரும். அதை எழுத்தாக்குவது ஒப்பீட்டளவில் சுலபம். பாவனையாளரே வாய்திறந்து தேவையைச் சொல்லும் முறையில்தான் சோதனை. “கரண்ட் போய்ற்று, மறுகா வரவேயில்ல” என்று மட்டக்களப்பார் சொல்வதில் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது, பேச்சுத்திரிபு இருக்கிறது, ‘பிறகு’ என்ற இடத்தில் ‘மறுகா’ இருக்கிறது. சென்னைக் குரல்களில் பழகிய மென்பொருள் இங்கே தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் ஒரு நடைமுறை வழியைக் காட்டினார்கள். சிங்களத்திலும் தமிழிலும் பேசப்படும் வங்கிச் சேவைக் கட்டளைகளை முழுதாக எழுத்தாக்க முயலாமல், ஆங்கிலத்துக்காகப் பயின்ற பேச்சு மாதிரி அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஒலிக்கூறுகளைக் கொண்டே ‘இது மீதி கேட்கும் கட்டளை’, ‘இது பணம் மாற்றும் கட்டளை’ என்று வகைப்படுத்தும் முறை அது. பட்டியலுக்குத் தேவை அவ்வளவுதான். எந்தக் கிளை என்று தெரிந்தால் போதும், ஒவ்வொரு சொல்லும் தெரிய வேண்டியதில்லை.

பெரிய நிறுவனமோ செயற்கை நுண்ணறிவோ இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. தொலைபேசி இலக்கத்தைச் சேமிக்கும்போது அதன் பின்னால் காற்புள்ளி போட்டால் கைத்தொலைபேசி ஏறக்குறைய இரண்டு வினாடி தாமதித்து, அதற்குப் பிறகுள்ள எண்ணைச் சுரமாக அனுப்பும். அரைப்புள்ளி போட்டால் பாவனையாளர் சம்மதம் கொடுக்கும்வரை பொறுத்திருக்கும். சேவை இலக்கம், மூன்று காற்புள்ளி, 2, மறுபடி இரண்டு காற்புள்ளி, 4 என்று ஒரு தொடர்பைச் சேமித்துவைத்தால், அடுத்த தடவை ஒரே தொடுகையில் தமிழ்க் கிளையின் நான்காம் பிரிவுக்குப் போய்விடலாம். அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே விசையை ஏற்கும் பட்டியலானால் காற்புள்ளிகளைக் குறைக்கலாம். ஏற்காததானால் கூட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவை முயன்றால் அளவு பிடிபட்டுவிடும்.

இணையப் பக்கத்தில் இதே வசதியை இணைப்பாக வைக்கலாம். தொலைபேசி இலக்கத்தை இணைப்பாக எழுதும் முறை 2004 இன் 3966 ஆம் தரக்குறிப்பில் உள்ளது. காற்புள்ளித் தாமதத்தைப் பல கைத்தொலைபேசிகள் அந்த இணைப்பிலும் ஏற்கின்றன. உலாவிக்குள்ளிருந்தே அழைப்பு எடுக்கும் வெப்ஆர்டிசி தொழில்நுட்பம் 2021 ஜனவரியில் டபிள்யு3சியின் முழுத் தரமாயிற்று. அதில் விசைச் சுரம் அனுப்புவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: சுரம் ஒன்றுக்கு 100 மில்லிவினாடி, இடையில் 70 மில்லிவினாடி, காற்புள்ளிக்கு 2 வினாடி என்பது வழக்கமான அளவு. ஒரு பட்டியலின் எல்லா முனைகளையும் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இப்படியான இணைப்பைக் கொடுக்கும் பக்கத்தை வலை நிரல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு வார இறுதியில் செய்துவிடலாம். கடினம் அதைப் பராமரிப்பதில். பட்டியல் மாறினால் பக்கமும் மாற வேண்டும். கடைசியாகச் சரிபார்த்த திகதி போடாத பக்கத்தை நம்பக் கூடாது. உண்மையான பட்டியல் நிறுவனத்தின் சேவையகத்தில் ஏற்கெனவே எழுத்தாகவே கிடக்கிறது என்பதால், அதை வெளியிடுவதற்குப் பொருத்தமானவர்கள் நிறுவனங்களே.

இத்தகைய இணைப்புகளில் ஒரு ஆபத்தும் உண்டு. நட்சத்திரமும் ஹாஷும் கொண்ட சில குறியீடுகள் அழைப்புகள் அல்ல. சாதனத்துக்கும் வலையமைப்புக்கும் இடப்படும் கட்டளைகள். 2012 செப்டெம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், இணையப் பக்கத்தில் ஒளித்துவைத்த ஒரு தொலைபேசி இணைப்பைக் கொண்டே அப்போதைய சில சாம்சுங் தொலைபேசிகளின் உள்ளடக்கம் முழுவதையும் அழித்துக் காட்டினார். ஐபோன் அந்த இரு குறிகளும் உள்ள இணைப்புகளை அழைக்க மறுப்பது இதுபோன்ற காரணத்தாலேயே. தெரியாதவர் அனுப்பும் ‘குறுக்குவழி’ இணைப்பில் இந்தக் குறிகள் இருந்தால் தொடாமல் விடுவது நல்லது. வங்கி இரகசிய இலக்கத்தை எந்தத் தொடர்பிலும் சேர்த்துச் சேமிப்பதும் கூடாது.

இணையம் இல்லாத சாதாரணத் தொலைபேசியிலும் திரைப் பட்டியல் கிடைக்கும். ஹாஷ் குறியில் முடியும் குறியீடுகளை அழுத்தினால் தோன்றும் யுஎஸ்எஸ்டி முறை அதுதான். ரீலோட் போட்டபின் மீதி பார்க்கும் எல்லோருக்கும் அது பழக்கம். ஆனால் அதன் ஒரு திரையில் 160 பைட்டுதான் அடங்கும். ஆங்கில எழுத்தானால் 182. தமிழ் ஒருங்குறியானால், இங்கே குறியீடு ஒன்றுக்கு இரண்டு பைட்டு என்பதால், 80 குறியீடுகள், அதிலும் ‘கொ’ இரண்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்துக்குள் ஐந்து தெரிவுகளைத் தமிழில் எழுதுவது சிரமம். குறுஞ்செய்தியும் அப்படித்தான், ஆங்கிலத்தில் 160, தமிழில் 70. தமிழ்ப் பட்டியல்கள் இந்தத் திரைகளில் அரிதாகவே தென்படுவதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை.

இலங்கையில் மனிதரிடம் நேரே போகும் வழிகளும் கொஞ்சம் உண்டு. 2006 இல் தொடங்கிய அரசாங்க தகவல் நிலையம் 1919 என்ற இலக்கத்தில் மும்மொழியிலும் பதில் சொல்கிறது. எந்த அலுவலகத்துக்கு என்ன படிவம், என்ன கட்டணம் என்ற கேள்விகளுக்கு அது உரிய இடம், அதே தகவலுக்கு இணையத்தளமும் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைக்கு 1920, நீர் வழங்கலுக்கு 1939, மின்சாரத்துக்கு 1987. மின்தடையைச் செயலியிலும் குறுஞ்செய்தியிலும்கூடத் தெரிவிக்க முடியும். இப்படி அழைப்பில்லாமல் தீரும் விசயங்களால் பயன் அடைவது செயலி வைத்திருப்பவர் மட்டுமல்ல. முன்னைய கணக்கில் மணிக்கு 180 அழைப்பில் 20 பேர் ‘எப்போது கரண்ட் வரும்’ என்பதை இணையத்தில் பார்த்துக்கொண்டு அழைக்காமல் விட்டால், மீதி 160 பேரின் காத்திருப்பு இரண்டு நிமிடத்திலிருந்து 37 வினாடிக்கு இறங்கிவிடும். படுவான்கரையின் வெல்லாவெளியில் விசைத் தொலைபேசியோடு இருக்கும் முதியவரின் அழைப்பு, எழுவான்கரையின் களுவாஞ்சிகுடியில் திறன்பேசி வைத்திருப்பவர் அழைக்காததால் சீக்கிரம் எடுக்கப்படுகிறது. கண்பார்வை இல்லாதவர்களுக்கும் எழுத்து வாசிக்காதவர்களுக்கும் குரல் பட்டியலே வசதி. அவர்களுக்காகவும் அந்த வரிசை குறைய வேண்டும்.

திருப்பி அழைக்கும் ஏற்பாடும் இந்த வகையைச் சேர்ந்தது. இணையப் படிவத்தில் இலக்கத்தையும் மொழியையும் விசயத்தையும் பதிந்துவிட்டால், வரிசையில் இடம் பிடித்தபடி தொலைபேசியைக் கீழே வைத்துவிடலாம். இலங்கையில் உள்வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்பதால் காத்திருப்பின் செலவும் நிறுவனத்தின் பக்கம் போகிறது. அவசரமில்லாத அழைப்புகளை மதியத்துக்குப் பின்னுள்ள ஓய்வான நேரத்துக்குத் தள்ளவும் நிறுவனத்தால் முடியும். காலை நெரிசல் அதனால் தணியும். எந்த மொழி என்பது முன்கூட்டியே தெரிவதால் தமிழ் தெரிந்த முகவர் ஓய்வாகும் நேரம் பார்த்து அழைப்பைக் கொடுக்கவும் முடியும்.

இவை யாவும் பொறுத்துக்கொள்ளக்கூடிய காரியங்களுக்கு. நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த உதவிக்கு 117 என்பவற்றைச் செயலியிலோ படிவத்திலோ தேடாமல் நேரே அழைக்க வேண்டும். வெள்ளத்தில் அறுந்து கிடக்கும் மின்கம்பியைப் பற்றிச் சொல்வதும் அப்படியே. அதைக் குறுஞ்செய்தியில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் 1987 ஐ அழைத்து, ஆள் எடுக்கும்வரை தொடர்பில் நின்று, மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கம் தூரத்திலிருந்தே தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.